நூல் ஓடிய கூடத்தில் புகைப்படங்கள்: அம்மாவோடு போய்வந்த அனுபவம்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு புகைப்படக் கூடத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் நூற்பாலையாக இருந்த கட்டடம் அது. மில்லை மூடிய பிறகு ரொம்ப வருடம் புதர் மண்டிக் கிடந்ததாம். அப்புறம் எடுத்துச் சீர்செய்து, உள்ளே மூன்று அரங்குகளாகப் பிரித்துப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். எனக்குப் புகைப்படம் என்றால் உயிர். அம்மாவுக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அவர் 18 வருடம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கூம்புக் குழலில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். இந்த மில் இல்லை, வேறு மில். "மில்லுக்குள்ள படம் மாட்டி வச்சிருக்காங்களாம், வர்றியாம்மா?" என்று கேட்டதும் வேறு எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் நான் வழக்கம்போல முதல் படத்தைத் தேடிப் போனேன். அம்மா வாசலிலேயே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கத்தில் மட்டும் கண்ணாடி. பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் இந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பார்கள். நேர் வெயில் உள்ளே விழாது, ஆனால் காலையிலிருந்து மாலை வரை ஒரே சீராக வெளிச்சம் இருக்கும். இழை அறுந்ததைக் கண்ணால் பிடிக்க அந்த வெளிச்சம் வேண்டும். அந்தக் கால ஸ்டூடியோக்காரர்களும் ஆளை உட்காரவைத்துப் படமெடுக்க இதே வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடினார்கள் என்று படித்திருக்கிறேன். படித்ததுதான், அன்றைக்கு அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. மூக்குக்குக் கீழே நிழல் இல்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை, ஒவ்வொரு சுருக்கமும் மெத்தென்று தெரிந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள். அம்மா ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார், உள்ளே வெற்றாக இருந்தது. இந்த மாதிரிப் பழைய கூரைகளில் இரண்டு பல்லுக்கு நடுவே சேரும் மழைத்தண்ணீர் பல இடங்களில் தூணுக்குள்ளேயே இறங்கித் தரைக்குக் கீழே போகும்படி வைத்திருப்பார்கள். தரையில் சிமெண்டை அறுத்து எடுத்த மாதிரி நான்கு நான்காகப் போல்ட் துளைகள், அதைச் சுற்றி எத்தனை தடவை கழுவினாலும் போகாத எண்ணெய்க் கறை. அம்மா துளைகளுக்கு நடுவே காலால் அளந்து நடந்து, "இது ரிங் பிரேம் நின்ன இடம், இதுதான் ஆள் நடக்கிற சந்து" என்று சொன்னார். சொன்னார் என்ன, கத்தினார். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அத்தனை வருடம் மில் சத்தத்தில் நின்றவருக்குக் காது மந்தம், குரல் உச்சத்தில்தான் வரும். அமைதியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது கொஞ்சம்கூட உறுத்தவில்லை. அந்தக் கூடத்தில் அப்படித்தான் பேசியாக வேண்டியிருந்தது ஒரு காலத்தில்.

இரண்டாவது அரங்கில் மேலே ஒரு நீளக் குழாயை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள், சிறுசிறு மூக்குகளோடு. பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லை. நான் ஏதோ அழகுக்காக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "தண்ணி தெளிக்கிற பைப்பு" என்றார் அம்மா. பருத்தி நூல் காய்ந்தால் பொசுக்கென்று அறுந்துவிடும், பஞ்சு பறக்கும், அதனால் காற்றில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். வெயில் காலத்தில் வியர்வையும் அந்த ஈரமும் சேர்ந்து சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளுமாம்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புகைப்படப் பிரதிக்கு ஈரம்தான் எமன். ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அப்படியே மாறி மாறி நடந்தால் தாள் வளையும், பூஞ்சை பிடிக்கும், சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கூடப் போகும். ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஏறாமல் இறங்காமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. வெளிச்சமும் அப்படித்தான். பழைய பிரதிகள், வண்ணப் பிரதிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். சாதாரண அலுவலக மேசையிலேயே 300, 500 லக்ஸ் இருக்கும். ஆக, வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் என்றே கட்டிய கட்டடத்தில் வெளிச்சத்தைக் குறைத்து ஈரத்தை விரட்டிப் படம் மாட்டுகிறார்கள். எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் மதிப்பு வந்தது. முதல் அரங்கில் கூரைக் கண்ணாடியை அப்படியே விட்டு, அங்கே அண்மையில் அச்சிட்ட, கெட்டால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளக்கூடிய படங்களை மட்டும் மாட்டியிருந்தார்கள். பழைய பிரதிகள் உள்ளே, கண்ணாடியை மூடிய இருட்டான அரங்கில். யோசித்துச் செய்த வேலை.

மூன்றாவது அரங்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தூணையெல்லாம் பலகை அடித்து மறைத்து, வெள்ளை பூசி, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு அறையாக்கிவிட்டார்கள். சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் அரங்கில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி. அந்த மில் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வைண்டிங் மெஷின் பக்கத்தில் ஏழு பெண்கள் நிற்கிறார்கள். ஆறு பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். கடைசியில் நிற்கும் பெண் மட்டும் பாதி திரும்பியிருக்கிறாள், அவள் வலது கை கலங்கிப் போய்ப் புகை மாதிரி விழுந்திருக்கிறது. கீழே அட்டையில் படமெடுத்தவர் பெயர், ஃபிலிம், தாள், அளவு எல்லாம் இருக்கிறது. மெதுவான ஷட்டரில் பதிவான கையசைவு படத்துக்கு உயிர் தருவதாக ஒரு வரியும் இருக்கிறது. நானும் அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். "அவ கை ஆட்டலடி. நூல் அறுந்துபோச்சு, முடிச்சுப் போடுறா. படம் பிடிக்கிறாங்கன்னு மெஷின் நிக்குமா?" என்றார். தன் கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சுழற்று, ஒரு இழுப்பு, அவ்வளவுதான், நான் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் ஆள்காட்டி விரல் ஓரத்தில் நூல் அறுத்து அறுத்து விழுந்த தடம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எதனால் என்று கேட்டதே இல்லை. மறுபடி படத்தைப் பார்த்தேன். கலங்கலுக்கு நடுவில் உண்மையாகவே மயிரிழை மாதிரி ஒரு கோடு கோனை நோக்கிப் போகிறது.

அப்புறம் அம்மா கேட்டார்: "இவங்க பேரெல்லாம் எங்க போட்டிருக்கு?"

எங்கேயும் போடவில்லை. 'வைண்டிங் பிரிவுப் பெண்கள்' என்று மட்டும் இருந்தது.

எனக்கு உடனே லூயிஸ் ஹைன் ஞாபகம் வந்தார். 1908 முதல் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக மில்மில்லாகப் போய்ப் படமெடுத்தவர். 1908 நவம்பரில் தென் கரோலினாவில் லங்காஸ்டர் பஞ்சாலையில் அவர் எடுத்த ஒரு சிறுமியின் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அதோடு அவர் எழுதிய குறிப்பில் சேடி ஃபைஃபர் என்று பெயர், 48 அங்குல உயரம், அரை வருடமாக வேலை செய்கிறாள் என்பது வரைக்கும் இருக்கிறது. உள்ளே விடாத முதலாளிகளை ஏய்த்து நுழைந்து, பிள்ளைகளின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தானை வைத்து அளந்து, பெயரைக் கேட்டு எழுதிவைத்த மனிதர். அவ்வளவு அவசரத்திலும் அவரால் பெயர் எழுத முடிந்திருக்கிறது.

நேர் எதிர்ப்பக்கம் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மன் புகைப்படத் தம்பதி. தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், எரிவாயுக் கலன்கள் என்று மேகமூட்டமான நாளாகப் பார்த்து நேர்முகமாக எடுத்து, ஒரே மாதிரிப் படங்களைக் கட்டம் கட்டி மாட்டுவார்கள். ஆள் நடமாட்டமே இருக்காது. 1990ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, புகைப்படங்களுக்காக! எனக்கு அவர்கள் படங்கள் ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் இரும்பும் செங்கலும் மட்டும் நின்று, உள்ளே நின்றவர்கள் பெயரில்லாமல் போவது ஒரு மில் கட்டடத்துக்குள்ளேயே நடப்பதை அம்மா பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

இது அந்த ஒரு இடத்துக் குறை மட்டும் என்று சொல்லவில்லை. லண்டனில் ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரி 2012லிருந்து இருப்பது ஒரு பழைய ஜவுளிக் கிடங்கில். ஹாம்பர்க்கில் கலை, புகைப்படக் கூடமான டைஷ்டோர்ஹாலன் 1911 முதல் 1914 வரை கட்டிய சந்தைக் கூடங்கள். ஸ்டாக்ஹோமில் ஃபோட்டோகிராஃபிஸ்கா என்ற புகைப்படக் கூடம் 1906ல் கட்டிய சுங்கக் கட்டடத்தில் இருக்கிறது. மூட்டை தூக்கியவர்கள், முத்திரை குத்தியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தரைகளில் நடந்திருப்பார்கள்.

அரங்கில் இருந்த பையனிடம் அம்மா நேராகப் போய், வேலையாட்கள் வருகைப் பதிவேடான மஸ்டரைப் பற்றிக் கேட்டுவிட்டார், "மஸ்டர்ல பேரு இருக்கும்ல தம்பி? டோக்கன் நம்பரோட போட்டிருப்பாங்களே." அவன் நல்ல பையன், மழுப்பவில்லை. பழைய பதிவேடுகள் கொஞ்சம் பின்கட்டு அறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன, யாரும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்றான். அப்புறம் அவனே அம்மாவை அந்தத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டான். நான் பக்கத்தில் நின்றேன், அரைமணி நேரம் போனது தெரியவில்லை.

இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்துக்கு முன்னால் தரையையும் கூரையையும் ஒரு சுற்றுப் பாருங்கள், பகல் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். முடிந்தால் அந்தத் தொழிலில் இருந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். நம் வீடுகளிலேயே யாராவது இருப்பார்கள்.

வெளியே வரும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் மஸ்டரைப் பார்த்து ஏழு பேர் பெயரையும் அட்டையில் சேர்க்கும்படி எழுதி, என் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மா அதற்குக் கீழே தன் பெயரையும், பழைய மில்லில் தனக்கிருந்த டோக்கன் நம்பரையும் எழுதினார். நம்பரை யோசிக்கக்கூட இல்லை. கூப்பிட்டார்களா என்று தினமும் கேட்கிறார்.