மாற்று ஹம்பக்கர்: நாம் ஒப்பிடுவது தொனியையா, சத்தத்தையா?

தாழ்சுதி:
என் கிட்டார் மகாகனி உடலும் மேப்பிள் முகப்பும் கொண்டது, இரண்டு ஹம்பக்கர்கள் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பில் ஒரு வகை, இரைச்சலை நீக்க இரட்டைச் சுருள் கொண்டது). அதன் பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கத்தில் சீமோர் டங்கனின் 59, அதே நிறுவனத்தின் ஜேபி, டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் ஆகிய மூன்று மாதிரிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) ஒரே ஆம்ப் அமைப்பில் பதிவு செய்தேன்.

59 ஒல்லியாக ஒலிக்கிறது. ரிஃபுக்கு எடை இல்லை. ஜேபியில் நடு அலைவரிசை முன்னால் வந்து நிற்கிறது, தனி வாசிப்பில் ஒவ்வொரு ஸ்வரமும் பாடுகிறது. சூப்பர் டிஸ்டார்ஷன் தடிமனில் யாருக்கும் சளைத்ததல்ல. மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை அளந்தால் 59 சுமார் 8 கிலோ ஓம், சூப்பர் டிஸ்டார்ஷன் 13-ஐத் தாண்டுகிறது, ஜேபி 16-க்கும் மேல். தடை கூடக் கூடத் தொனி தடிக்கிறது என்பது தெளிவு. கனமான இசை வாசிப்பவர்கள் 8 கிலோ ஓம் பிக்கப்புக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் முடிவு.

கம்பிச்சுருள்:
இந்த முடிவை ஏற்க முடியாது. முதலில் அந்த ஓம் கணக்கைப் பார்ப்போம். 59-இல் சுற்றியிருப்பது 42 கேஜ் கம்பி, ஜேபியில் அதைவிட மெல்லிய 44 கேஜ். ஒரே நீளத்துக்கு 44 கேஜ் கம்பியின் தடை ஏறக்குறைய 1.6 மடங்கு. அதாவது சுற்றுகளைக் கூட்டாமல் கம்பியை மட்டும் மெல்லியதாக மாற்றினாலே 8 கிலோ ஓம் 13-க்குத் தாவிவிடும். சத்தம் அந்த அளவுக்குத் தாவாது. இன்னொன்று: அறையின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் தாமிரத்தின் தடை சுமார் 4 சதவீதம் உயரும், 8 கிலோ ஓம் பிக்கப் 300 ஓம் கூடுதலாகக் காட்டும். அதன் தொனி மாறிவிட்டதாக எவரும் சொல்லமாட்டார்கள்.

தொனியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சுருளின் மின்தூண்டலுக்கு (inductance) உண்டு. அதுவும் கேபிளின் மின்தேக்கமும் (capacitance) சேர்ந்துதான் ஒத்ததிர்வு முகடு, அதாவது பிக்கப் மிகத் தூக்கலாக ஒலிக்கும் அலைவரிசை, எங்கே விழும் என்பதை முடிவு செய்கின்றன. 59 சுமார் 5 ஹென்றி, ஜேபி சுமார் 8 ஹென்றி. சாதாரண கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வையுங்கள், சுருளின் சொந்த மின்தேக்கத்துக்கு ஒரு 100 சேருங்கள். 5 மீட்டர் கேபிளில் 59-இன் முகடு 2,900 ஹெர்ட்ஸை ஒட்டி விழும், ஜேபியின் முகடு 2,300-ஐ ஒட்டி. நீங்கள் சொல்லும் நடு அலைவரிசை முன்னால் வருவது இதனால்தான். அதே ஜேபியை 3 மீட்டர் கேபிளில் வாசித்துப் பாருங்கள், முகடு 2,800-க்கு ஏறிவிடும். கேபிளின் நீளத்தைச் சொல்லாத ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை.

மிக முக்கியமானது, மூன்று பதிவுகளின் சத்தத்தையும் சமன் செய்தீர்களா? சத்தம் கூடும்போது அடி ஒலியும் மேல் ஒலியும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. சத்தமானது எப்போதும் தடிமனாகத்தான் கேட்கும்.

ஆறாம்தந்தி:
கம்பிச்சுருள் சொல்லும் இயற்பியல் சரி. வாசிப்பவனுக்கு அது போதாது. வால்வு ஆம்பில் பிக்கப்பின் சத்தத்தையும் தொனியையும் பிரிக்கவே முடியாது. வலுவான சிக்னல் முதல் வால்வை முன்னதாகவே திணறவைக்கிறது. திணறும்போது எழும் ஹார்மானிக்குகள், தந்தியைத் தொட்டவுடன் ஒலி அமுங்கி எழும் விதம், இவையெல்லாம் தொனி இல்லையா? டிமார்சியோ 1972-இல் சூப்பர் டிஸ்டார்ஷனை வெளியிட்டபோது அன்றைய ஆம்ப்களில் இன்றுள்ள அளவு கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கிடையாது. ஆம்பைத் தள்ளுவதற்கென்றே பிறந்த பிக்கப் அது. அதன் சத்தத்தைக் குறைத்து 59-க்குச் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால், யாருமே வாசிக்காத ஒன்றைத்தான் அளப்போம்.

கம்பிச்சுருள்:
குறைக்கச் சொல்லவில்லை, 59-ஐ ஏற்றுங்கள் என்கிறேன். ஆம்புக்கு முன் சுத்தமான பூஸ்டர் பெடல் ஒன்றை வைத்து, ஜேபி தரும் அளவுக்குச் சிக்னலை உயர்த்துங்கள். இப்போது முதல் வால்வு இரண்டுக்கும் ஒரே அளவில் திணறும். மிஞ்சும் வேறுபாடுதான் பிக்கப்பின் குணம். சத்தத்தைப் பெடல் கொடுக்கும். 59-இல் தெளிவாக இருந்து ஜேபியில் மங்கிய அந்த 3,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஈக்வலைசரில் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். குறைவான சத்தத்திலிருந்து தொடங்குபவனுக்கு வழிகள் அதிகம்.

பழையமரம்:
இத்தனை எண்கள் எதற்கு? கிட்டார் நிறுவனமான கிப்சனில் சேத் லவர் 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கோரினார், 1959-இல் அது கிடைத்தது. காப்புரிமை கோரப்பட்டுள்ளது (Patent Applied For) என்று அடியில் ஒட்டப்பட்ட சிறு சீட்டின் பெயரால்தான் அந்தப் பழைய ஹம்பக்கர்களை இன்றும் பிஏஎஃப் என்கிறோம். கம்பி சுற்றும் இயந்திரத்தை நிறுத்தும் நேரத்தைப் பொறுத்து ஒரு சுருளில் சுற்று கூடும், இன்னொன்றில் குறையும். மெழுகில் முக்கியதும் கிடையாது. அந்தச் சமனின்மையால் வந்த காற்றோட்டமான தொனியைத்தான் இன்றுவரை எல்லோரும் நகலெடுக்க முயல்கிறார்கள். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தம் கிட்டாரில் திருகியதும் கிப்சனின் பழைய பிஏஎஃப்தான். அதைக் கேட்டுவிட்டு எடை இல்லை என்று யார் சொல்வார்கள்? என் ஓட்டு பிக்கப்பில் வைக்கும் ஆல்னிக்கோ 2 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலவை) காந்தத்துக்கு. செராமிக் காந்தம் காதைக் கிழிக்கும்.

கம்பிச்சுருள்:
சமனற்ற சுருள்கள் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. இரைச்சல் முழுமையாக நீங்காது, பதிலுக்கு மேல் ஒலியில் கொஞ்சம் தெளிவு மிஞ்சும். ஆனால் வான் ஹேலன் அந்தப் பிக்கப்பை மெழுகில் முக்கித்தான் பயன்படுத்தினார். பெரிய சத்தத்தில் அது ஊளையிடாமல் இருக்க வேறு வழியில்லை.

செராமிக் மீதான பழியை ஏற்கவே மாட்டேன். செராமிக் காந்தம் சுருளின் மின்தூண்டலை ஆல்னிக்கோ அளவுக்குக் கூட்டாது, மின்சாரத்தைக் கடத்தாததால் மேல் ஒலியை மங்கவைக்கும் சுழல் மின்னோட்டமும் அதில் எழாது. ஒரே சுருளில் ஆல்னிக்கோவை எடுத்துவிட்டுச் செராமிக்கை வைத்தால் மேல் ஒலி தெளிவாகும். அது கரடுமுரடானது என்ற பெயர் வந்ததற்குக் காரணம், அதை அளவுக்கு மீறிச் சுற்றிய சுருள்களோடு சேர்த்தே விற்றார்கள் என்பதுதான்.

புதியகை:
இடையில் ஒரு கேள்வி. என் கிட்டாரில் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் உள்ளது) மட்டும் மங்கலாக, சேறு போல ஒலிக்கிறது. எந்த ஹம்பக்கருக்கு மாற்றலாம்?

பழையமரம்:
முதலில் எதையும் வாங்காதீர்கள். பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளைத் தளர்த்தி, தடித்த தந்திகளின் பக்கம் நன்றாக இறக்குங்கள். பிறகு மெல்லிய தந்திகளுக்கு நேரே உள்ள முனைத் திருகுகளை அரைச் சுற்று ஏற்றுங்கள். நெக் பக்கத்தில் தந்தி அகலமாக அதிர்கிறது, அங்கே பிக்கப் நெருங்கி இருந்தால் அடி ஒலி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மேல்மூடி பித்தளையா, நிக்கல் சில்வரா என்றும் பாருங்கள். பித்தளை மூடி ஒத்ததிர்வு முகட்டை அமுக்கிவிடும்.

தாழ்சுதி:
சத்தத்தைச் சமன் செய்து மீண்டும் கேட்டேன். 59 இப்போது ரிஃபில் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று தந்திகளைச் சேர்த்து அடிக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. ஜேபியில் அவை ஒரே கட்டியாக வருகின்றன. இருந்தாலும் என் கிட்டாரில் ஜேபிதான் இருக்கும். முதல் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் போனால் 59 ஊசி போலக் குத்துகிறது, ஜேபியில் அதே ஸ்வரம் உருண்டு திரண்டு வருகிறது. பூஸ்டர் அந்தக் குத்தலையும் சேர்த்துத்தானே பெரிதாக்கும்? ஓம் பற்றிச் சொன்னதை வேண்டுமானால் தள்ளிவையுங்கள், என் காது கேட்பதைத் தள்ள முடியாது.

கம்பிச்சுருள்:
காதைத் தள்ளச் சொல்லவே இல்லை. மூன்று பிக்கப்பும் தந்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தன?

தாழ்சுதி:
கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து அளந்தேன். மூன்றுக்கும் 2 மில்லிமீட்டர். நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒரே அளவு வைத்தேன்.

கம்பிச்சுருள்:
ஒரே தூரம் நியாயமான அளவுகோல் அல்ல. ஜேபியை இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் அந்தக் கட்டி பிரியும். 59-ஐ மெல்லிய தந்திகளின் பக்கம் சற்று இறக்கி, டோன் குமிழை 8-இல் வைத்தால் குத்தல் அடங்கும். ஒவ்வொன்றையும் அதற்குப் பிடித்த உயரத்தில் வைத்த பிறகே எதைக் கழற்றுவது என்று தீர்மானிக்க வேண்டும். பணம் கேட்காத முதல் மாற்று பிக்கப் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

ஆறாம்தந்தி:
உயரம் வரை உங்களோடு உடன்படுகிறேன். பூஸ்டர் விஷயத்தில் மட்டும் இல்லை. மேடையில் காலடியில் எதுவும் இல்லாமல், வால்யூம் குமிழ் ஒன்றை வைத்தே சுத்தமான ஒலிக்கும் முழு டிஸ்டார்ஷனுக்கும் இடையே போய்வருகிறேன். 10-இல் உறுமலும் 6-இல் மென்மையும் ஒரே பிக்கப்பில் வேண்டும். என் ஜேபி போன்ற வலுவான பிக்கப்தான் அந்தத் தூரத்தைத் தருகிறது.

கம்பிச்சுருள்:
6-இல் வைக்கும்போது உங்கள் ஜேபி மங்குகிறதா, இல்லையா? குமிழைக் குறைத்தால் அதன் தடை கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து மேல் ஒலியை வெட்டுகிறது. ஏற்கெனவே 2,300-இல் நிற்கும் பிக்கப்பிடம் இழக்க மிச்சம் அதிகம் இல்லை. நீங்கள் மெச்சும் அந்தப் போய்வரவுக்கு 59 வகைதான் பொருத்தமானது.

ஆறாம்தந்தி:
மங்குகிறது. வால்யூம் குமிழின் இரு முனைகளுக்கு இடையே ஒரு சிறு மின்தேக்கியைப் பற்றவைத்துவிட்டேன், மேல் ஒலி தங்குகிறது. அந்தச் சிறு வேலைக்காக ஜேபியின் தொடுகை உணர்வை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாழ்சுதி, அடுத்த பதிவில் வால்யூம் 10-இல் ஒன்று, 6-இல் ஒன்று போடுங்கள். இரண்டுக்கும் ஒரே கேபிள்.

தாழ்சுதி:
போடுகிறேன். கேபிள் 5 மீட்டர், வால்யூம் குமிழின் பாட் 500 கிலோ ஓம், குறுக்கே மின்தேக்கி எதுவும் கிடையாது. உயரத்தைக் கம்பிச்சுருள் சொன்னபடி தனித்தனியாக வைக்கிறேன். எது எந்தப் பிக்கப் என்று கோப்பின் பெயரில் இருக்காது.

கம்பிச்சுருள்:
நல்லது. ரிஃப் மட்டும் போதாது, முதல் தந்தியில் 12-க்கு மேல் நீங்கள் சொன்ன அந்த இடத்தையும் வாசியுங்கள்.