பவுத்திரம் சார்ட்: கே60.3 ரிஜெக்ட், 46280-ஆ 46020-ஆ? உதவுங்கள்

புதுக்கோடர்:
வணக்கம். சர்ஜரி சார்ட் பார்த்து இன்ஷூரன்ஸ் பில்லுக்குக் கோடு போடத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, எல்லாம் அமெரிக்கச் சார்ட். ஒரே ஒரு பவுத்திரம் (ஆசனவாய் ஃபிஸ்டுலா) கேஸ் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது முறை அனுப்புவதற்குள் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ஆப் நோட்டின் (ஆபரேஷன் குறிப்பு) தலைப்பில் ‘ஃபிஸ்டுலாட்டமி வித் சீட்டன் பிளேஸ்மென்ட்’ என்று இருக்கிறது; சீட்டன் என்பது பாதைக்குள் கோத்துவிடுகிற நூல் அல்லது வளையம். டயக்னோசிஸ் வரியில் ‘ஃபிஸ்டுலா இன் ஆனோ’ மட்டும்தான். நான் போட்டது நோய்க்குக் கே60.3, கூடவே செய்த சிகிச்சைக்கு 46280 (பவுத்திர ஆபரேஷன்), 46020 (சீட்டன் வைப்பது), 46600 (அனோஸ்கோப்பி). முதலில் டயக்னோசிஸ் கோடு செல்லாது என்று ரிஜெக்ட். கே60.30 (வகை குறிப்பிடாதது) என்று மாற்றி அனுப்பினேன். இப்போது ஆடிட்டில், ‘ஏன் அன்ஸ்பெசிஃபைடு? சீட்டன் ஏன் தனியாக?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

நோட்டுக்குள்ளே டாக்டர் ‘டிரான்ஸ்ஸ்பிங்டெரிக்’ என்று எழுதியிருக்கிறார். அதை வைத்து நானே காம்ப்ளெக்ஸ் எடுக்கலாமா? எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அப்படியென்றால் ரெக்கரன்ட்தானே?

ஆடிட்_அக்கா:
முதல் ரிஜெக்டுக்குக் காரணம் எளிது. 2024 அக்டோபர் 1 முதல் கே60.3 வெறும் தலைப்புதான், கீழே பிரித்துவிட்டார்கள். கே60.31 வரிசை சிம்பிள், கே60.32 வரிசை காம்ப்ளெக்ஸ். ஆறாவது எழுத்து 1 என்றால் இனிஷியல், 2 பெர்சிஸ்டன்ட், 3 ரெக்கரன்ட், 9 அன்ஸ்பெசிஃபைடு. கே60.4 ரெக்டல், கே60.5 அனோரெக்டல் இரண்டுக்கும் இதே அமைப்புதான். உங்கள் புத்தகமோ என்கோடரோ (கோடு தேடும் மென்பொருள்) பழையதாக இருக்கும், பாருங்கள்.

46600 வேண்டவே வேண்டாம். ஆபரேஷனுக்குள் பார்க்கிற அனோஸ்கோப்பி (ஆசனவாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) அதிலேயே அடக்கம். 46280-இன் விளக்கத்திலேயே ‘சீட்டன் வைத்தால் அதுவும் சேர்த்து’ என்று இருக்கிறது, அதனால் 46020-ஐ அதோடு போடக் கூடாது. ஆனால் இந்தக் கேஸில் 46280-உம் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். தலைப்பை விடுங்கள். உள்ளே டாக்டர் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறதோ அந்தப் பகுதியைப் போடுங்கள். பேஷன்ட் விவரம் எதுவும் வேண்டாம்.

வேகக்கோடர்:
இதற்கு இவ்வளவு யோசிப்பானேன்? டிரான்ஸ்ஸ்பிங்டெரிக் என்றால் காம்ப்ளெக்ஸ், ஏற்கெனவே ஆபரேஷன் என்றால் ரெக்கரன்ட். கே60.323 போட்டு முடித்துவிடலாம். எங்கள் டீமில் அப்படித்தான்.

ஆடிட்_அக்கா:
உங்கள் டீமின் சார்ட் என் கைக்கு வராதவரை நல்லது.

புதுக்கோடர்:
அக்கா, நோட்டின் சாரம் இது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மயக்க மருந்தில் பரிசோதனை. வெளித் துவாரம் 7 மணியில், ஆசனவாய் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி. புரோப் விட்டதில் பின்பக்க நடுக்கோட்டில், டென்டேட் கோட்டில் (ஆசனவாய்க்குள் இருக்கும் எல்லைக் கோடு) உள்ள உள் துவாரம் வரை போனது. பாதை வெளிச் சுருக்குத்தசையின் கணிசமான பகுதியைக் கடக்கிறது. பாதையைச் சுரண்டிக் கழுவி, வெசல் லூப்பை (மெல்லிய ரப்பர் நாடா) சீட்டனாகக் கோத்து, தளர்வாக விட்டு, பட்டு நூலால் முடிச்சு. கடைசி வரி: ‘தசை எதுவும் பிரிக்கப்படவில்லை.’

ஆடிட்_அக்கா:
அந்தக் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பாதையைத் திறந்தால் ஃபிஸ்டுலாட்டமி, வெட்டி எடுத்தால் ஃபிஸ்டுலெக்டமி. இங்கே இரண்டும் நடக்கவில்லை. சுரண்டிக் கழுவியதைத் திறந்ததாகக் கணக்கு வைக்க முடியாது. சீட்டன் வைத்தது மட்டும்தான் நடந்திருக்கிறது, அதனால் 46020 மட்டும். தலைப்பும் உள்ளடக்கமும் முரண்பட்டால் உள்ளடக்கத்தைத்தான் நம்ப வேண்டும். முடிந்தால் டாக்டரிடம் சொல்லித் தலைப்பையும் திருத்தச் சொல்லுங்கள்.

அறுவை_பயிற்சி:
நான் கோடர் இல்லை, அறுவைசிகிச்சையில் பயிற்சி மருத்துவர். டிரான்ஸ்ஸ்பிங்டெரிக் என்பது பார்க்ஸ் 1976-இல் தந்த வகைப்பாட்டில் வருகிற சொல். பாதை எந்தத் தசையை எங்கே கடக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். இன்டர்ஸ்பிங்டெரிக், சுப்ராஸ்பிங்டெரிக், எக்ஸ்ட்ராஸ்பிங்டெரிக் மற்ற மூன்று. சிம்பிளா காம்ப்ளெக்ஸா என்பது வேறு கணக்கு: வெட்டினால் மலக் கட்டுப்பாடு போகுமா என்கிற கவலைதான் அதன் அடி. வெளிச் சுருக்குத்தசையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் பாதைக்குள் வந்தால் பொதுவாகக் காம்ப்ளெக்ஸ் என்போம். பெண்களுக்கு முன்பக்கம் வரும் பாதை, பல கிளைகள், குரோன்ஸ் நோய், கதிர்வீச்சுக்குப் பிறகு வருவது, திரும்பத் திரும்ப வருவது எல்லாம் அதே பக்கம். தாழ்வாகக் கடக்கிற டிரான்ஸ்ஸ்பிங்டெரிக்கைச் சிம்பிள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘கணிசமான’ என்பது உங்களுக்கு உதவாது. அதை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரெக்கரன்ட் விஷயமும் அப்படித்தான். ஆறி, கசிவு நின்று, மறுபடி வந்தால் ரெக்கரன்ட். சிகிச்சைக்குப் பிறகும் ஆறவே இல்லை, கசிந்துகொண்டே இருந்தது என்றால் பெர்சிஸ்டன்ட். முந்தைய ஆபரேஷன் எப்போது என்பதை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, சும்மா சொல்கிறேன்: குப்புறப் படுக்கவைத்துவிட்டு ‘7 மணி’ என்று எழுதினால் எங்களுக்கே குழப்பம். மல்லாந்து கால் தூக்கிய நிலையில் 12 மணி முன்பக்கம். குப்புறப் படுத்தால் கண்ணுக்கு மேலே தெரிவது பின்பக்கம். சிலர் பழைய வழக்கப்படியே எண் சொல்வார்கள், சிலர் பார்க்கிறபடி சொல்வார்கள். ‘வலது பின்பக்கம்’ என்று எழுதினால் யாருக்கும் தலைவலி இல்லை.

புதுக்கோடர்:
அப்போது க்வெரிதான் (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) வழி. எப்படி எழுதுவது? ‘இது காம்ப்ளெக்ஸ் என்று உறுதி செய்யவும்’ என்று எழுதினால் போதுமா?

ஆடிட்_அக்கா:
ஐயோ, வேண்டாம். அது பதிலை நாமே வாயில் ஊட்டுகிற மாதிரி. லீடிங் க்வெரி கூடாது என்பதில் அஹிமாவும் ஆக்டிஸும் (மருத்துவப் பதிவுத் துறைச் சங்கங்கள்) சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. பில்லிங், பணம் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி:

‘ஆப் நோட்டில் பாதை வெளிச் சுருக்குத்தசையின் கணிசமான பகுதியைக் கடப்பதாகவும், எட்டு மாதத்துக்கு முன் ஃபிஸ்டுலா சிகிச்சை நடந்ததாகவும் உள்ளது. டயக்னோசிஸ் ஃபிஸ்டுலா இன் ஆனோ. உங்கள் மருத்துவ முடிவின்படி ஃபிஸ்டுலாவின் வகையையும் நிலையையும் பதிவு செய்ய இயலுமா? வகை: சிம்பிள் / காம்ப்ளெக்ஸ் / வேறு / தீர்மானிக்க இயலவில்லை. நிலை: இனிஷியல் / பெர்சிஸ்டன்ட் / ரெக்கரன்ட் / வேறு / தீர்மானிக்க இயலவில்லை.’

நோட்டில் இருக்கிற குறிப்புகளை அப்படியே எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உள் துவாரம் டென்டேட் கோட்டில் என்று பார்த்துவிட்டு நீங்களாக கே60.5-க்குத் தாவிவிடாதீர்கள். அவர் ‘ஃபிஸ்டுலா இன் ஆனோ’ என்று எழுதியிருக்கிறார், அது ஏனல்தான், அதாவது கே60.3 வரிசை.

புதுக்கோடர்:
நான்கு நாள் கழித்து வந்து எழுதுகிறேன். க்வெரிக்குப் பதில் வந்துவிட்டது: காம்ப்ளெக்ஸ், பெர்சிஸ்டன்ட். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு ஒரு நாள்கூட நிற்கவில்லையாம். அதை அடென்டமாகவே (நோட்டில் பின்சேர்க்கை) எழுதிவிட்டார். ஆக கே60.322, 46020. வேகக்கோடர் சொன்ன 323 போட்டிருந்தால் அதுவும் தப்பாகியிருக்கும்.

ஒரு சின்னக் கேள்வி. ஆறு வாரம் கழித்து அட்வான்ஸ்மென்ட் ஃபிளாப் (திசு மடலை இழுத்து உள் துவாரத்தை மூடுவது) திட்டம் என்று நோட்டில் இருக்கிறது. அதற்கு மாடிஃபயர் 58 (திட்டமிட்ட அடுத்த கட்ட ஆபரேஷன் என்று காட்டும் குறி) வேண்டுமா?

ஆடிட்_அக்கா:
ஃபிளாப்புக்கு 46288. மெடிகேர் (அமெரிக்க அரசுக் காப்பீடு) கணக்கில் 46020-க்கு குளோபல் பீரியட் (பின்கவனிப்பும் ஆபரேஷன் கட்டணத்திலேயே அடங்கும் காலம்) 10 நாள்தான், ஆறு வாரத்தில் அது முடிந்திருக்கும், 58 தேவைப்படாது. நீங்கள் முதலில் போட்ட 46280 போயிருந்தால் 90 நாள். அப்போது ஃபிளாப் அதற்குள் மாட்டி, 58 போடாவிட்டால் அதுவும் டினையல் ஆகியிருக்கும். வேறு பேயராக (பணம் தரும் காப்பீட்டு நிறுவனம்) இருந்தால் அவர்களுடைய விதியை ஒரு முறை பாருங்கள்.

புதுக்கோடர்:
நன்றி அக்கா, டாக்டருக்கும் நன்றி. தலைப்பு ஏன் அப்படி இருந்தது என்றும் தெரிந்துவிட்டது. தியேட்டர் புக் செய்யும்போது ஃபிஸ்டுலாட்டமி என்று கொடுத்திருக்கிறார்கள், டெம்ப்ளேட் அதை அப்படியே நோட்டின் தலையில் ஒட்டிவிடுகிறது. அதே டாக்டரின் இன்னும் இரண்டு சார்ட் என் வரிசையில் நிற்கிறது, இரண்டிலும் அதே தலைப்பு.

ஆடிட்_அக்கா:
அந்த இரண்டையும் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள்.