ஊரோடு ஒட்டிய பறவைக் கண்மாய்கள், குளங்கள்: உங்களுக்கு அங்கே நேர்ந்தது என்ன?

கலுங்கடியான்:

பறவைப் பட்டியலும் பைனாகுலர் விலையும் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். சரணாலயமோ இல்லையோ, ஊரை ஒட்டிக் கிடக்கிற நீர்நிலைக்குப் போனபோது யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினார்கள், நீங்கள் என்ன தப்புப் பண்ணினீர்கள், அதைச் சொல்லுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னால் ஒரு தீபாவளி. திருப்பத்தூரில் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்) அக்கா வீட்டில் இருந்தேன். விடியற்காலையிலிருந்து வெடிச் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது. சாயங்காலம் மச்சான் வண்டியை எடுத்து, "வாங்க மாப்ளே, காதுக்குக் கொஞ்சம் லீவு விட்டுட்டு வருவோம்" என்று கூட்டிப்போனார். கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டின ஊர். வழியெல்லாம் தெருவுக்குத் தெரு காகிதக் குப்பையும் புகையும். அந்த ஊரில் கூட்டிப் பெருக்கின மண்தான் இருந்தது. புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒரு ஊசிப்பட்டாசு வெடிக்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவரிடம் கேட்டேன். "ஒரு வெடிக்கு அத்தனையும் எந்திரிச்சுப் போயிரும். அடையில கிடக்குற முட்டை என்னத்துக்கு ஆகும்? காக்கா சும்மா இருக்குமா?" என்றார். சரி, கல்யாணத்துக்கு? "அதுக்கும் கிடையாது. வெடிச்சாத்தான் பிள்ளை பெறக்குமா?" மச்சான் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

1977-இல் சரணாலயமாக அறிவித்த இடம். எல்லாக் கண்மாயையும் சேர்த்தாலும் 38 ஹெக்டேர் சொச்சம்தான். கரையில் ஏறி நின்றோம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. உள்வாய்ப் பக்கமிருந்து, கட்டையைக் கட்டையால் தட்டுவதுபோல அலகுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நத்தைகுத்தி நாரை என்றார் மச்சான். அரை மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். ஆனால் வேறு எந்தத் தீபாவளியும் எனக்கு இத்தனை ஞாபகம் இல்லை.

மறுகால்:

இவ்வளவு அடக்கமான கதை என்னிடம் இல்லை. என்னுடையது நாறும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். மார்ச் கடைசி, நல்ல வெயில். காரை ஊருக்குள் நிழல் பார்த்து ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். நிழலுக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. குளத்து மரங்களில் மட்டுமில்லை, வீட்டு வாசல் மரத்திலும் சங்குவளை நாரை கூடு கட்டுகிற ஊர் அது. திரும்பி வந்தபோது கார் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

அது போகட்டும். மரத்தடியில் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. பஞ்சை ஒட்டி வைத்தாற்போல வெள்ளை உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நீள மூக்கு. "பாவம்ப்பா" என்று என் மகள் சொன்னதும் நான் குனிந்து இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா "அண்ணாச்சி, தொடாதிய!" என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் அது கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டி, தின்றதையெல்லாம் என் சட்டையில் கக்கிவிட்டது. பாதி செரித்த மீன் மூன்று. ஒன்றுக்கு வால் அப்படியே இருந்தது. பயந்தால் வயிற்றைக் காலி பண்ணுவது அவற்றின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாலு தரம் துவைத்தும் போகவில்லை. கடைசியில் அந்தச் சட்டை அதே காரைத் துடைக்கப் போய்ச் சேர்ந்தது.

அந்த அக்கா திட்டவில்லை. பனையோலைக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து குஞ்சின்மேல் கவிழ்த்தார், நாய் தூக்காமல் இருக்க. பக்கத்துப் பையனை யாரையோ கூட்டிவர அனுப்பினார். "வாட்சர் வருவாக. மீன் போட்டு வளப்பாக. நெறைய விழும் அண்ணாச்சி, எல்லாம் பொழைக்காது." வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. தன் வீட்டுக் கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசுகிற குரல். நாற்றத்தைப் பற்றி நான் மூக்கைச் சுளித்ததற்கு, "எங்களுக்கு நாத்தமே தெரியாதுல்லா. அந்த வண்டலத்தான வயலுக்கு அடிக்கோம்" என்றார். எச்சம் விழுந்து ஊறின குளத்து மண் அங்கே எரு.

1994-இல் சரணாலயம், 2021-இல் ராம்சர் பட்டியல் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்), எல்லாம் சரி. மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து சேராத வருஷம் எந்தப் பட்டியல் இருந்து என்ன? குளம் நிரம்பவில்லை என்றால் கூடும் இல்லை.

ஏரிக்கரை வாத்தியார்:

நான் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக.

ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் யாராவது குடும்பத்தோடு வந்து, காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு "பறவையெல்லாம் எங்க சார்?" என்று என்னைத் திட்டாத குறையாகக் கேட்பார்கள். நானா ஒளித்து வைத்திருக்கிறேன்? ஐப்பசி மழை பெய்து, ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு நனைய வேண்டும். தண்ணீர்தான் கூட்டுக்கு வேலி. வேலி இருந்தால் பூனை, கீரி அண்டாது. நவம்பருக்குப் பிறகு வாருங்கள்.

எச்சம் கலந்த மதகுத் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது எங்கள் பக்கம் பழைய கணக்கு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல், அதாவது உரிமையை ஒப்புக்கொள்கிற எழுத்து, வாங்கினார்கள். பறவைமேல் மட்டும் பாசம் இல்லை, நெல்மேலும்தான். அதிலே எனக்குக் குறையாக ஒன்றும் படவில்லை. சும்மா வந்த பாசத்தைவிடக் கணக்குப் பார்த்த பாசம் நீடித்திருக்கிறது.

ஏரி 30 ஹெக்டேர்தான். சுற்றி 5 கிலோமீட்டரும் சேர்த்துத்தான் சரணாலயம். 2020-இல் அதை 3 ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தபோது எங்கள் டீக்கடை இரண்டு கட்சியாகிவிட்டது. "பறவை ஏரியிலதானே இருக்கு, என் நிலத்துல என்ன?" என்று கேட்ட நண்பரை மறுநாள் காலை அவர் நிலத்துக்கே கூட்டிப்போனேன். வரப்பில் வரிசையாக அரிவாள் மூக்கன்கள், சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. தூங்குவது அங்கே, சாப்பாடு உங்கள் வயலில் என்றேன். "அப்ப சாப்பாட்டுக்குக் காசு யார் குடுப்பா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, பதில் சொல்லத் தெரியவில்லை.

கலுங்கடியான்:

ஒரு சின்ன விஷயம். நிரம்பின தண்ணீர் வழிந்து போகிற இடத்துக்கு எங்கள் பக்கம் கலுங்கு, நெல்லையில் மறுகால். வாத்தியார் ஊரில் என்ன?

ஏரிக்கரை வாத்தியார்:

கலங்கல். ஏரி கலங்கல் பாய்ந்தால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டான், மீன் பிடிக்கப் போயிருப்பான்.

சேதுச்சீமைக்காரன்:

இராமநாதபுரம் மாவட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், கதையில் வருகிறவர்கள் தினமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியவர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று சரணாலயக் கண்மாய்கள் நிறைய உள்ள மாவட்டம். 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. எங்கள் கண்மாய் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வேரோடு எடுக்கச் சொல்லி மனுப்போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு வருஷம் நல்ல மழை. தை மாதம் மனு பலித்து ஜேசிபியும் வந்துவிட்டது. கரையோரம் இரண்டு நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் டிரைவர் தம்பி இறங்கி வந்து, "அண்ணே, இந்த வரிசையில கை வைக்க மனசு வரல, நீங்களே வந்து பாருங்க" என்றான்.

முட்டளவு தண்ணீரில் நடந்து போனேன். காலடியில் சரக் சரக்கென்று நொறுங்கியது. எல்லாம் நத்தை ஓடு. ஒரு மரத்தடியில் மட்டும் படி படியாக அள்ளலாம். மேலே, நான் நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அதே முள்மரத்தில், கிளைக்கு நாலாக நத்தைகுத்தி நாரைக் கூடுகள். பெரிசுகளின் அலகு நடுவில் பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுகளுக்கு அது இல்லை, அலகு நேராக மூடிக்கொள்கிறது. வளர வளரத்தான் அந்த இடைவெளி வருமாம். ஒரு தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தது. ஜேசிபியைத் திருப்பி அனுப்பினோம். வாடகை போனது போனதுதான்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. மாசியில் நெல் பால் பிடிக்கிற நேரம், கடைசித் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். மடையைத் திறந்தால் அந்த வரிசைக்குக் கீழே தண்ணீர் வற்றிவிடும், நாய் ஏறிவிடும். திறக்காவிட்டால் 60 ஏக்கர் பதராகும். சாவடியில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்றால், கத்தினோம். என் சித்தப்பா எழுந்து, "நாரைக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கே இரண்டு ஏக்கர் அந்த ஆயக்கட்டில் இருக்கிறது, நான் யார் பக்கம் பேசுவது?

தீர்த்துவைத்தது நீர்ப்பாய்ச்சிதான், மடை திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர். மரத்தடியில் ஒரு கம்பை நட்டு, அதில் துணியைக் கட்டினார். "துணி வரைக்கும் எறங்கட்டும். அப்புறம் மடையை அடைச்சிருவேன், எவன் வந்தாலும் திறக்க மாட்டேன்." அப்படியே செய்தார். கடைமடையில் இருந்த என் வயலில் நாலு பாத்தி கருகியது. கரைப் பக்கம் ஓரத்து மரத்தடி காய்ந்து, விழுந்த குஞ்சுகளை நாய் தூக்கிப்போனது. மற்றவை பங்குனிக் கடைசியில் பறந்துபோய்விட்டன. சித்தப்பா என்னோடு பேச ஆடி வரைக்கும் ஆனது.

மறுகால்:

அந்த மரங்கள் இப்போது?

சேதுச்சீமைக்காரன்:

அந்த ஒரு வரிசை மட்டும் நிற்கிறது. மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். போட்டவன் நான்தான், யாரிடமும் ஞாபகப்படுத்தாமல் இருக்கிறேன்.