நனோ துகளின் மேல்பூச்சு: கண்டதும் பட்டதும்

வெள்ளவத்தைத் தம்பி:
கொழும்பில் முதுமாணிப் படிப்புக்காகத் தங்கத் துகள் செய்துகொண்டிருந்தேன். 20 நனோமீற்றரில் தங்கம் மஞ்சளாக இருக்காது. பால் ஊற்றாத சர்பத் மாதிரிச் சிவப்பு. அதைக் கலம் (செல்) வளர்க்கும் ஊடகத்தில் விட்டேன். பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஊதா. பின்னேரம் அடியில் கறுப்பாய் மண்டி. துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்திருந்தது, அவற்றின்மேல் இருந்த சித்திரேற் (சித்திரிக் அமில உப்பு) பூச்சின் எதிர்மின்னேற்றம். ஊடகத்தின் உப்பு அதை மறைத்துவிட, எல்லாம் ஒட்டிக்கொண்டன. அதற்கு முந்தைய கிழமை, அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலங்களான மக்ரோபேஜ்கள் ‘நன்றாக விழுங்கின’ என்று குறித்து வைத்திருந்தேனே, அதுவும் இந்தக் கட்டிகளைத்தான்!

ஆய்வுகூடத்து அக்கா சிரித்துவிட்டு, “முதல்ல சீரத்தில ஊறவை” என்றார். சீரம் என்றால் இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர். ஊறவைத்தேன், நிறம் அசையவில்லை. ஆனால் இப்போது துகள்மேல் அல்புமின், அந்நியப் பொருளைக் குறிவைக்கும் நிரப்புப் புரதம் (கொம்பிளிமென்ற்), இன்னும் என்னென்னவோ சீரப் புரதங்கள் போர்த்துக்கொண்டுவிட்டன. கலம் தடவிப் பார்ப்பது தங்கத்தை அல்ல, அந்தப் போர்வையை. நேர்மின்னேற்றப் பூச்சையும் பார்த்தேன்: மக்ரோபேஜ்கள் அள்ளி விழுங்கின, பிறகு பாதிக் கலங்கள் செத்துக் கிடந்தன. பெக் எனப்படும் பொலிஎதிலீன் கிளைக்கோல் பூசியவற்றை அவ்வளவாகச் சீண்டவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, அந்தப் பெக் அம்மாவைச் சீண்டியது. சூலகப் புற்றுநோய்க்குக் கொழுப்புக் குமிழியில் அடைத்த டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற, பெக் பூசிய அதே வகை. ஐந்து நிமிடம் ஆகவில்லை, முகம் சிவந்து, “முதுகைப் பிடிக்குது பிள்ளை” என்றா. தாதி ஓடிவந்து மருந்து ஏறும் குழாயை மூடினார். அடங்கியபின் சொட்டுச் சொட்டாக ஏற்ற, ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதனாலோ என்று கேட்டேன். டொக்டர் இல்லை என்றார். இறால் ஒவ்வாமைக்கு உடம்பு முன்பே பழகியிருக்க வேண்டும். இது முதல் ஊசியிலேயே வரும், குமிழியின் மேற்பரப்பு நிரப்புப் புரதங்களை உசுப்பிவிடுவதால்.

வெள்ளவத்தைத் தம்பி:
சரியாகச் சொன்னார், அக்கா. பெக்கில் இன்னொரு கூத்தும் உண்டு. எலிகளுக்கு மருந்தில்லாத வெறும் பெக் குமிழியை ஏற்றினால், மண்ணீரலில் உள்ள பி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் அதற்கு எதிராக ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரி செய்துவிடும். ஒரு கிழமை கழித்து அடுத்ததை ஏற்றினால் ஈரல் மளமளவென்று பிடித்துக்கொள்ளும். டொக்சோரூபிசின் உள்ளே இருந்தால் அது அந்தப் பி கலங்களையே அடக்கிவிடும். அதனால் அந்த மருந்தில் இந்தத் தொல்லை குறைவு. அம்மா இப்ப எப்படி?