கலைச்சொல் தேவை: தாக்குதலின் 'ஆபத்து' ஒன்றா, இரண்டா?

அனுப்புநர்: கல்லூரி ஆசிரியை, சேலம்

அன்பர்களுக்கு வணக்கம். இணையப் பாதுகாப்புப் பாடத்தின் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்ல வேண்டும். தாக்குதல் வகைகளை ஒப்பிடும் அட்டவணையில் இரண்டு தலைப்புகள் மட்டும் முடியாமல் நிற்கின்றன. தாக்குதல் நேர்ந்துவிட்டால் விளையும் கேட்டின் அளவு ஒன்று. அது நேரும் வாய்ப்பையும் அக்கேட்டையும் சேர்த்து மதிப்பிடுவது, அதாவது ரிஸ்க், மற்றொன்று. இரண்டுக்கும் இப்போது 'ஆபத்து' என்றே எழுதியிருக்கிறேன். இதனால், ஈரானின் நத்தன்ஸ் அணு நிலையத்துச் சுழலிகளைப் பழுதாக்கி 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் ஆபத்தானதா, கடவுச்சொல்லைக் கேட்டு வரும் தூண்டில் அஞ்சல் ஆபத்தானதா என்று மாணவர் கேட்டால், எந்த விடையையும் தவறு என்று சொல்ல முடியவில்லை. முன்னது போன்ற ஒன்று ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையைத் தேடி வருவது மிக அரிது. பின்னதோ நாள்தோறும் வருகிறது.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

அம்மையீர், 'ஆபத்து' வடசொல். 'இடர்' இருக்க அது எதற்கு? "இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்" என்று ஞானசம்பந்தர் ஆவடுதுறையில் பாடிய சொல், இன்றும் 'பேரிடர் மேலாண்மை' என்று அரசு ஆணைகளில் வழங்குகிறது. வாய்ப்பைச் சேர்த்துச் சொல்ல 'இடர்', விளைவை மட்டும் சொல்ல 'கேடு' என்று வைத்துக்கொண்டால் போதும்.

அனுப்புநர்: வங்கி அலுவலர், கொழும்பு

ஐயா காட்டிய பாடலிலேயே ஐயாவின் கருத்துக்கு மறுப்பு இருக்கிறது. அங்கே 'இடர்' வினையாக நின்று, துன்புற்றாலும் என்றே பொருள் தருகிறது. துன்பம் வரக்கூடும் என்று அன்று. 'பேரிடர்' என்பதும் வந்துவிட்ட அழிவுதான். அதனை நாங்கள் அனர்த்தம் என்போம். வரக்கூடியதைக் குறிக்க எமது வங்கித் துறையில் 'இடர்நேர்வு' என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது.

இவ்வேறுபாட்டை விளக்க எமது நாட்டைத் தொட்டுச் சென்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டொலர் வரை மாற்றும்படி பணிப்புகள் அனுப்பினர். 8.1 கோடி மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு வந்த 2 கோடி, பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் ஐயத்துக்கு உள்ளாகி நிறுத்தப்பட்டது. நேர்ந்த கேடு 8.1 கோடி, அதற்கு முதல்நாள் வரை அவ்வங்கியின் தலைமேல் இருந்ததோ அதனிலும் பன்மடங்கு. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது எவ்வாறு?

அனுப்புநர்: வலையமைப்புப் பொறியாளர், பெங்களூரு

முந்தைய மடலுடன் உடன்படுகிறேன். ஆனால் கேட்டின் அளவு என்பதற்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் தொழிலில் மென்பொருள் ஓட்டைக்குத்தான் பத்துக்கு இத்தனை என்று கடுமை மதிப்பெண் இடுகிறார்கள், தாக்குதலுக்கு அன்று. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, அடுத்த மாதம் பரவிய நாட்பெட்யா ஆகிய இரு தீநிரல்களும், மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்த அதே விண்டோஸ் ஓட்டையைப் பயன்படுத்தின. முன்னதால் இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. பின்னது உக்ரைனில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாக நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் போல மிரட்டியதே தவிர, பணம் கட்டினாலும் கோப்புகளை மீட்க வழி வைக்கவில்லை. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ நேர்ந்தது. மும்பைக்கு அருகே துறைமுக முனையம் ஒன்றிலும் வேலை தடைப்பட்டது. ஓட்டையின் மதிப்பெண் ஒன்றே, கேடு ஒன்றன்று.

போலிக் கோரிக்கைகளால் நிரப்பி ஒரு சேவையை முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதலை மெல்லியதாக எண்ணுவதும் பிழை. 2016 அக்டோபரில் கண்காணிப்புக் கேமராக்களைப் படையாகத் திரட்டிய மிராய் என்ற தீநிரல், பெரிய தளங்களைச் சில மணி நேரம் எட்டாமல் செய்தது, எதையும் அழிக்கவில்லை. ஆனால் 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, அதே வேளையில் மின் நிறுவனத்தின் அழைப்பு மையத்தைப் போலி அழைப்புகளால் நிரப்பி, மக்கள் முறையிடவும் வழியில்லாமல் செய்தார்கள். தனியே வந்தால் தொல்லை, துணையாக வந்தால் பெருங்கேடு. ஆகவே இந்த நெடுவரிசையில் எண் இடாமல், எந்தச் சூழலில் என்ற குறிப்பை எழுதுவதே நேர்மை. தலைப்பு 'பாதிப்பு' என்றிருக்கட்டும்.

அனுப்புநர்: இலக்கண ஆய்வாளர், தஞ்சாவூர்

'ஊறு' என்ற சொல்லை எவரும் நினைக்கவில்லையே. படு, பாடு ஆவது போல உறு, ஊறு ஆயிற்று, உறுவது ஊறு. "ஊறொரால் உற்றபின் ஒல்காமை" என்ற குறளில் உறாமல் விலகுவதும் உற்றபின் தளராமையும் இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பாருங்கள். ஆசிரியை கேட்ட இரண்டு தலைப்புகளும் இக்குறளிலேயே இருக்கின்றன. ரிஸ்க்குக்கு 'உறுவாய்ப்பு', கேட்டின் அளவுக்கு 'ஊறளவு' என்க.

மேலும், "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை" என அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார் தொல்காப்பியர்; அணங்கு கண்ணுக்குப் புலப்படாத தெய்வம், இறை அரசன். பணயத் தீநிரல் கள்வர். தானே பரவும் புழு விலங்கு. ஆக்கியவரும் அறியாத ஓட்டை அணங்கு. அரசுகள் ஏவுவது இறை. நாட்பெட்யாவை ரஷ்யப் படைத்துறையின் செயல் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018இல் குற்றஞ்சாட்டின. அவ்வாறாயின் அது கள்வர் வேடத்தில் வந்த இறை.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

பாகுபாடு சுவையானதுதான். ஆனால் 'உறு' மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல்லும் ஆகும்; 'உறுபசி' தெரிந்தவர் 'உறுவாய்ப்பு' என்பதை மிகுந்த வாய்ப்பு என்றே படிப்பார். "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்னும் குறளிலோ ஊறு என்பது தொடுவுணர்வு.

அனுப்புநர்: வலையமைப்புப் பொறியாளர், பெங்களூரு

தொடுதிரைத் தாக்குதல் என்று மாணவர் எழுதிவிடப் போகிறார்கள், ஐயா.

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

அச்சுக்கு நேரம் நெருங்குவதால் நிலையைத் தொகுக்கிறேன். ரிஸ்க்குக்கு 'இடர்நேர்வு', விளைவுக்குப் 'பாதிப்பு' என்பதைப் பெரும்பாலோர், சிலர் அயர்ச்சியினால், ஏற்றுக்கொண்டுள்ளனர். தஞ்சை ஆய்வாளர் தம் கருத்தில் மாறவில்லை.

அனுப்புநர்: கல்லூரி ஆசிரியை, சேலம்

அனைவர்க்கும் நன்றி. 'இடர்நேர்வு' முதலில் வரும் இடத்தில் 'ரிஸ்க்' என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்துவிடுகிறேன். தூண்டில் அஞ்சலுக்கு இடர்நேர்வு மிகுதி, பாதிப்பு சூழலுக்கேற்ப என்றும், ஸ்டக்ஸ்நெட் வகைக்குப் பாதிப்பு மிகுதி, சிறு நிறுவனங்களுக்கு இடர்நேர்வு குறைவு என்றும் எழுதியுள்ளேன்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். எனினும் 'பாதிப்பு' என்பதும் 'பாதா' என்னும் வடசொல்லின் வழி வந்ததே என்பதை இழையில் பதிவு செய்துவைக்கிறேன். அடுத்த பதிப்பிலாவது 'கேடு' என்று திருத்துக.