படிக்கும்போதே வெப் டெவலப்மென்ட் ஃப்ரீலான்ஸ்: எங்கே தேடுவது, தேடலாமா?

மூன்றாமாண்டு
வணக்கம். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வரும். ரியாக்டில் சின்னச் சின்ன ப்ராஜெக்ட்கள் செய்திருக்கிறேன், வேர்ட்பிரஸ் ஓரளவு தெரியும். ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும் அப்வொர்க் தளத்தில் ப்ரொஃபைல் போட்டு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், பெரும்பாலும் பதிலே வருவதில்லை. விண்ணப்பிக்கத் தேவையான கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களை வாங்கவே கைக்காசு கரைகிறது. வகுப்பில் பாதிப்பேர் "ஃபைவருக்குப் போ" என்கிறார்கள், மீதிப்பேர் "இதையெல்லாம் விட்டுவிட்டு இன்டர்ன்ஷிப் தேடு" என்கிறார்கள். முதல் வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? படிக்கும்போதே இதில் இறங்கலாமா?

வலைத்தச்சன்
இறங்கலாம் தம்பி, ஆனால் அந்தத் தளங்களில் காத்துக்கிடக்க வேண்டாம். ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத ப்ரொஃபைலுக்கு அங்கே விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைக்கும் வாடிக்கையாளர் மிகக் குறைந்த காசுக்கு மிக அதிகமாகத் திருத்தம் கேட்பவராக இருப்பார். ஃபைவரில் அந்தக் கொஞ்சத்திலும் 20 சதவீதம் கமிஷன் போய்விடும்.

முதல் வேலை பெரும்பாலும் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர் வழியாகத்தான் வரும். மாமாவின் நண்பர் நடத்தும் பல் மருத்துவமனை, அக்கா போகும் பாட்டு வகுப்பு, இந்த மாதிரி. ஆனால் அங்கே போய் "வெப்சைட் செய்து தரட்டுமா" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். அவர்களுடைய தளத்தைப் போனில் திறந்து பாருங்கள், எது உடைந்திருக்கிறது என்று தேடுங்கள். அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் அடிக்கடி பார்ப்பது தொடர்புப் படிவம். யாரோ பெயர், மெயில், கேள்வி எல்லாம் நிரப்பி அனுப்புகிறார்கள், "நன்றி, செய்தி கிடைத்தது" என்று திரையில் வருகிறது, உரிமையாளருக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. காரணம் பல சமயம் இதுதான்: நிரப்பியவரின் யாஹூ முகவரியையே அனுப்புநர் முகவரியாக வைத்துப் படிவம் மெயில் அனுப்புகிறது. தன் முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வரும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி யாஹூ 2014லேயே டிமார்க் விதி வைத்துவிட்டது. பெறும் பக்கம் அந்த மெயிலைத் தள்ளிவிடுகிறது. தீர்வு சுலபம். அனுப்புநராகத் தளத்தின் சொந்த டொமைன் முகவரி, நிரப்பியவரின் முகவரி பதில் போய்ச்சேரும் ரிப்ளை-டூவில், கூடவே மெயிலை முறையாக அனுப்பும் எஸ்எம்டிபி, அது அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் அமைப்பு. "உங்களுக்கு வரவேண்டிய விசாரணைகள் வழியிலேயே தொலைகின்றன, இதோ சோதித்துப் பாருங்கள்" என்று சொன்னால் எந்த உரிமையாளரும் காதுகொடுப்பார். அதைச் சரிசெய்து கொடுத்தவரிடம்தான் அடுத்த வேலையையும் கொடுப்பார்.

நிரல்நங்கை
நான் இதற்கு நேர் எதிர். மூன்றாம் ஆண்டில் ஃப்ரீலான்ஸ் வேண்டாம். திறமை இல்லை என்று சொல்லவில்லை. தனியாக வேலை செய்தால் நீங்கள் எழுதும் கோட் வரிகளை யாரும் படிக்கமாட்டார்கள், அதுதான் காரணம். பக்கம் திறந்தால் வாடிக்கையாளருக்குப் போதும். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்கே கிடக்கிறது, பயனர் எழுதுவதைச் சரிபார்க்காமல் டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் வரியில் அப்படியே ஒட்டியிருக்கிறீர்களா என்று கேட்க ஆளில்லை. கேள்வி கேட்க ஆளில்லாமல் பழகியவை பிறகு சுலபத்தில் போகாது.

இன்னொன்று. இப்படி மாணவர்கள் செய்துவிட்டுப் போன தளங்கள் கடைசியில் என்னைப் போன்றவர்கள் மேசைக்குத்தான் வருகின்றன. பல தளங்களை ஓட்டும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இன்றும் அதிலேயே ஓடும் தளங்களைப் பார்க்கிறேன். செய்தவர் தேர்வு, வேலை என்று போய்விட்டார், போன் எடுப்பதில்லை. உரிமையாளருக்கு அட்மின் பாஸ்வேர்டுகூடத் தெரியாது. ஒருவருடைய தொழில் அந்தத் தளத்தை நம்பி நிற்கிறது, நமக்கு அது பயிற்சி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்டர்ன்ஷிப் தேடுங்கள். கிடைக்காவிட்டால் யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஒரு பிழையை எடுத்துச் சரிசெய்து, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். முகம் தெரியாத ஒருவர் வரிவரியாகப் படித்து "இது ஏன் இப்படி?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடும்போது கற்றுக்கொள்வது அதிகம்.

எறும்பு
நிரல்நங்கை அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். இன்டர்ன்ஷிப் கேட்டவுடன் கிடைப்பதாக வைத்துப் பேசுகிறீர்கள். பல இடங்களில் கல்லூரிப் பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்கள். கிடைப்பதிலும் சம்பளம் இல்லாதவை நிறைய. ஓப்பன் சோர்ஸ் அருமைதான், ஆனால் இந்த மாதக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? என்னைப் போல வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத மாணவர்களுக்கு ஃப்ரீலான்ஸ் என்பது பொழுதுபோக்கு இல்லை, அதில்தான் செமஸ்டர் ஓடுகிறது. "முதலில் முழுதாகக் கற்றுக்கொள், பிறகு சம்பாதி" என்பது காத்திருக்க முடிந்தவர்களுக்கான அறிவுரை.

ஆறாம்விரல்
> அந்தத் தளங்களில் காத்துக்கிடக்க வேண்டாம்

வலைத்தச்சன், தெரிந்தவர்கள் வழியாக வரும் வேலையில் உள்ள பெரிய சிக்கலை விட்டுவிட்டீர்கள். தெரிந்தவரிடம் பணம் கேட்க வாய் வராது. "பையன் சும்மா செய்து தருவான்" என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

அப்வொர்க்கில் நிலையான தொகை வேலை என்றால் வாடிக்கையாளர் மைல்ஸ்டோன் பணத்தை, அதாவது வேலையின் ஒரு கட்டத்துக்கான தொகையை, முன்கூட்டியே எஸ்க்ரோவில், நடுவில் பிடித்துவைக்கும் கணக்கில், போடவேண்டும். நாம் வேலையை ஒப்படைத்து 14 நாள் வரை அவர் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாக நமக்கு வந்துவிடும். முகம் தெரியாத ஊரில் இருப்பவரோடு வேலை செய்யும் மாணவனுக்கு இதைவிடப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? மைல்ஸ்டோனுக்குப் பணம் வந்துவிட்டதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்பது மட்டும் முக்கியம்.

மூன்றாமாண்டு, உங்களுக்குப் பதில் வராததற்கு என் ஊகம்: ப்ரொஃபைல் தலைப்பில் "ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்" என்று இருக்கும், விண்ணப்பம் "நான் ஆர்வமுள்ள மாணவன்" என்று தொடங்கும். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஆரம்பத்தின் ஓரிரு வரிகள்தான். அதில் அவருடைய சிக்கல் இருக்கவேண்டும். "உங்கள் மெனு போனில் திறந்தபின் மூடவில்லை, ஸ்க்ரோல் செய்தால் தலைப்பு மேலே ஏறி நிற்கிறது, இரண்டும் ஒரே காரணமாக இருக்கலாம்" என்று தொடங்கிப் பாருங்கள். தலைப்பையும் சுருக்குங்கள். ஃபிக்மா டிசைனை எச்டிஎம்எல் ஆக்குவது, மெதுவான வேர்ட்பிரஸ் தளத்தை வேகப்படுத்துவது என்று ஒன்றே ஒன்று போதும். எல்லாம் தெரியும் என்பவரைவிட, தேவையானது தெரியும் என்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வலைத்தச்சன்
எஸ்க்ரோ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவரிடம் பாதித் தொகை முன்பணம் வாங்காமல் தொடங்கக் கூடாது, அதை நானே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்வொர்க்கில் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால் 2 ஆண்டுகள் வரை அவரோடு வெளியே பணப் பரிமாற்றம் செய்ய விதி அனுமதிக்காது, செய்ய வேண்டுமென்றால் அவர்களுக்குத் தனிக் கட்டணம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகச் செய்வது பற்றி: வேண்டாம். போர்ட்ஃபோலியோவுக்கு வேலை தேவை என்றால் நீங்களே ஒன்றைக் கற்பனை செய்து கட்டி கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றுங்கள். வாடிக்கையாளருக்கு இலவசமாகச் செய்தால் திருத்தம் முடிவே இல்லாமல் வரும்.

தனிமரம்
இடையில் ஒரு எச்சரிக்கை. அப்வொர்க் ஆகட்டும், லிங்க்ட்இன் ஆகட்டும், "முதலில் ஒரு சின்ன டெஸ்ட்" என்று கோட் ரெப்போ ஒன்றை அனுப்பி, இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். கவனம். தேவையான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்கும்போதே பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடலாம். அதன் வழியாக பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மோசடி உண்மையாகவே நடக்கிறது, வேலை தேடும் டெவலப்பர்களைக் குறிவைத்தே நடக்கிறது. பேக்கேஜ் ஜேசன் கோப்பில், தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்டால், ப்ரீஇன்ஸ்டால் வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் படியுங்கள். படித்தும் சந்தேகம் என்றால் தனி விர்ச்சுவல் மெஷினில் மட்டும் திறங்கள். அவசரப்படுத்துபவர், உடனே டெலிகிராமுக்கு வரச்சொல்பவர் இருவரையும் விட்டு விலகுங்கள்.

அப்புறம், வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால்: பிரிட்டனில் அந்த விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி கிடையாது, அமெரிக்காவிலும் எஃப்-1 விசாவில் அனுமதியின்றி வெளிவேலை செய்யக் கூடாது. ஃப்ரீலான்ஸும் அதில் அடங்கும். விசாவையே இழக்க நேரிடும்.

நிரல்நங்கை
எறும்பு, நீங்கள் சொன்ன பணத் தேவையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி என்றால் இப்படிச் செய்யலாமே: நேரடி வாடிக்கையாளரைத் தேடாமல் சின்ன வெப் ஏஜென்சிகளுக்கு எழுதுங்கள். வேலை குவியும் நேரத்தில் டிசைனைப் பக்கமாக மாற்ற, பிழை திருத்த அவர்களுக்கு ஆள் தேவைப்படும். தொகை நேரடி வேலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது அவர்கள் பொறுப்பு, நீங்கள் எழுதும் கோட் வரிகளை அங்கே ஒருவர் படித்துத்தான் ஏற்றுவார். தளத்தை அடுத்த ஆண்டு பராமரிப்பதும் அவர்கள்தான். நான் பயப்படும் இரண்டு விஷயமும் இதில் அடைபடுகிறது.

எறும்பு
இது எனக்கு ஒத்துவரும் அக்கா. ஏஜென்சிக்கு எழுதும்போது என்ன இணைப்பது?

நிரல்நங்கை
நீளமான ரெஸ்யூமே வேண்டாம். ஒரே ஒரு பக்கத்தின் லிங்க், அதன் கிட்ஹப் லிங்க், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதியாகத் தரமுடியும் என்பது. அந்தப் பக்கம் ஒழுங்காக இருக்கட்டும். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் மெனு முழுக்கப் போய்வர முடிகிறதா, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வண்ண வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கிறதா, முதன்மைப் படம் மொபைலில் 2.5 நொடிக்குள் வருகிறதா என்று நான் பார்ப்பேன். இவை மூன்றும் சரியாக இருக்கும் மாணவர் பக்கங்கள் அபூர்வம், அதனால் பளிச்சென்று தெரியும்.

வலைத்தச்சன்
ஏஜென்சி நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மூன்று ஆண்டு இருந்தாலும் ஒரு வாடிக்கையாளரிடம் "இது இந்தத் தொகைக்குள் வராது" என்று சொல்லக் கற்றுக்கொள்ள முடியாது. அதைச் சொல்லத் தெரியாமல் வெளியே வந்து திண்டாடும் நல்ல டெவலப்பர்களைப் பார்க்கிறேன். சின்ன வேலையில், சின்னத் தொகையில், படிக்கும்போதே பழகுவதுதான் பாதுகாப்பு.

மூன்றாமாண்டு
எல்லோருக்கும் நன்றி. வலைத்தச்சன் அண்ணா சொன்ன மாதிரி தெரிந்தவர்களின் தளங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு டியூஷன் சென்டர் தளத்தில் முகப்புப் படம் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டு 6 எம்பி இருந்தது. திரையில் வெள்ளையாக நின்று பிறகு மேலிருந்து கீழே பட்டை பட்டையாக வருகிறது. அதே படத்தைச் சுருக்கி வெப்பி என்ற சிறிய கோப்பு வடிவுக்கு மாற்றி, பழையதையும் புதியதையும் இரண்டு போன்களில் திறந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உரிமையாளர் உடனே "மொத்தத் தளத்தையும் புதிதாகச் செய்" என்றார். முன்பணத்துக்கும் சம்மதம்.

ஆனால் டொமைனும் ஹோஸ்டிங்கும் முன்பு செய்து கொடுத்தவர் கணக்கில் இருக்கிறது, அவரை இப்போது பிடிக்க முடியவில்லை. தேர்வும் ஒன்றரை மாதத்தில் வருகிறது. எடுக்கலாமா?

நிரல்நங்கை
எடுக்க வேண்டாம். தேர்வுக்கு முன் முடியாது, பாதியில் நிற்கும் தளம் அவருக்குப் பழைய தளத்தைவிட மோசம். படங்களைச் சரிசெய்து கொடுத்து அதற்கு மட்டும் தொகை வாங்குங்கள், மீதியைத் தேர்வு முடிந்து பேசலாம் என்று சொல்லுங்கள்.

வலைத்தச்சன்
எடுங்கள், ஆனால் தளத்தைத் தொடுவதற்கு முன் டொமைன். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் பெயரைத் தேடினால் எந்த ரெஜிஸ்ட்ராரில் (டொமைனைப் பதியும் நிறுவனத்தில்) இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது என்று தெரியும். அந்தத் தேதி பக்கத்தில் இருந்தால் முதல் அவசரம் அதுதான். உரிமையாளரின் பழைய மெயில்களில் பணம் கட்டிய ரசீது, புதுப்பிப்பு நினைவூட்டல் ஏதாவது இருக்கிறதா என்று அவரையே தேடச் சொல்லுங்கள். இருந்தால் ரெஜிஸ்ட்ராருக்கு அவர்தான் எழுதவேண்டும், நீங்கள் இல்லை. மீட்க முடியாவிட்டால் புது டொமைன், அவர் பெயரில், அவர் மெயிலில், அவர் கார்டில்.

நிரல்நங்கை சொன்ன தேர்வு விஷயம் சரியான கவலை. அதனால் தேர்வுத் தேதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்த வாரங்களில் நீங்கள் கிடைக்கமாட்டீர்கள், ஒப்படைத்தபின் எவ்வளவு நாள் பிழை பார்ப்பீர்கள். ஒரு பக்கம் போதும், மெயிலில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். புதுத் தளம் வேறு முகவரியில் தயாராகட்டும், முடியும்வரை பழையது அப்படியே ஓடட்டும். அப்போது பாதியில் நின்றாலும் அவருக்கு ஒன்றும் போகாது.

நிரல்நங்கை
பழையது ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் என் மறுப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை: வேர்ட்பிரஸ் போடாதீர்கள். அவர் மாதா மாதம் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும், அப்டேட் செய்ய ப்ளகின் எதுவும் இருக்காது. முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாகத் தளத்தில் எதை, எப்போது மாற்றினீர்கள்?

மூன்றாமாண்டு
கேட்டேன் அக்கா. தளம் தொடங்கியதிலிருந்து கட்டண விவரம் மட்டும் ஒருமுறை மாறியிருக்கிறதாம், அதையும் முன்பு செய்தவர்தான் மாற்றினாராம். எச்டிஎம்எல்லிலேயே செய்கிறேன். டொமைன் காலாவதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.