ஈரச் சல்லடைச் சோதனையில் முடிவு நிலையாக வரவில்லை, உதவி தேவை

உழவின் விளைவைப் பார்க்க, உழுத, உழாத பகுதிகளின் மண் திரள்கள் (மண் துகள்கள் ஒட்டி உருவான சிறு கட்டிகள்) தண்ணீருக்குள் சல்லடையில் சலிக்கும்போது உடையாமல் எவ்வளவு தாங்குகின்றன என்று அளக்கிறேன். ஒரே வயலில் ஒரே நாளில் எடுத்த களிமண் மாதிரிகளே ஒன்றுக்கொன்று பொருந்தாத முடிவைத் தருகின்றன. 1 முதல் 2 மி.மீ. திரள்கள், 0.25 மி.மீ. சல்லடை, காய்ச்சி வடித்த நீர், 3 நிமிடம். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தினேன், வேர்த்துண்டுகளைப் பொறுக்கினேன், மணலின் எடையையும் கழித்துப் பார்த்தாயிற்று.

உலர்ந்த திரளை நேராகத் தண்ணீரில் போட்டால் உள்ளே அடைபட்ட காற்று அதை உடைத்துவிடுகிறது, முடிவும் தாறுமாறாக வருகிறது. முன்கூட்டியே மெல்ல ஈரமாக்கினால் உழுத பகுதியும் உழாத பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு நிலைக்கின்றன, அப்புறம் ஒப்பிட என்ன மிச்சம்? தண்ணீர் கலங்கவில்லை, அதனால் களிமண்ணை நீரில் சிதறடிக்கும் சோடியம் காரணமாகத் தெரியவில்லை.

உழவின் விளைவை ஒப்பிட இந்த இரண்டில் எந்த ஈரமாக்கும் முறையை நம்பலாம்?